முதல் முறையாக ஒலி-ஒளிக் கண்காட்சிக்குப் போகும் டிஜே தம்பிக்கு

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளாகக் கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் மண்டப நிகழ்ச்சி என்று டிஜே செய்கிறாராம். பகலில் தொழிற்சாலை வேலை. அடுத்த மாதம் கோலாலம்பூரில் இரண்டு நாள் ஒலி-ஒளித் தொழிற்கண்காட்சி நடக்கிறது. விடுப்பு, ரயில், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் ஒரு சின்ன நிகழ்ச்சியின் வருமானம் போய்விடும். “போனால் என்ன பயன்? எதைப் பார்ப்பது, எதை வாங்குவது? புக்கிங் கணக்கெல்லாம் மனைவிதான் பார்க்கிறார், அவரையும் அழைத்து வரலாமா?” என்பது அவர் கேள்வி.

போங்கள், தம்பி. நான் செந்தூலில் இருந்துகொண்டு 22 ஆண்டுகளாக இதே தொழில் செய்கிறேன். உள்ளூர்க் கண்காட்சிகள் பலவற்றுக்கும் குவாங்சோவுக்கு இரண்டு முறையும் போயிருக்கிறேன். முதல் நான்கைந்து முறை வெறும் பை நிறைய பிரசுரங்களோடும் காது வலியோடும்தான் திரும்பினேன். அதன் பிறகுதான் எப்படிப் போக வேண்டும் என்று பிடிபட்டது. அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம்மைப் போல் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகிற டிஜேக்களுக்கென்றே தனி மாநாடு நடத்துவது அமெரிக்காவில் வளர்ந்த பழக்கம். அட்லாண்டிக் சிட்டியில் நடக்கும் ‘டிஜே எக்ஸ்போ’ அப்படிப்பட்டது. அங்கே கருவிகளுக்கு இணையாகத் தொழில் பேச்சும் நடக்கும்: விலை எப்படி வைப்பது, மணமக்களிடம் எப்படிப் பேசுவது, மைக்கை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் தனித்தனி வகுப்புகள். அமெரிக்காவின் அனஹைமில் நடக்கும் ‘நாம்’ (NAMM) கண்காட்சி, குவாங்சோவின் ‘புரோலைட் அண்ட் சவுண்ட்’, மும்பையின் ‘பாம் எக்ஸ்போ’, பேங்காக்கின் ‘இன்ஃபோகாம்’ இவையெல்லாம் அகலமானவை. இசைக்கருவி விற்பவர், கச்சேரி அரங்கம் கட்டுபவர், அலுவலகத்துக்குத் திரை மாட்டுபவர் எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு, நமக்கு ஒரு மூலை. கோலாலம்பூரில் நடப்பவையும் இந்த இரண்டாவது வகைதான். அதனால் அரங்கம் முழுவதும் உங்களுக்காக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். உங்களுக்கான பத்துப் பதினைந்து பூத் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தரைப்படத்தில் வட்டம் போட்டுக்கொண்டு போங்கள்.

சரி, போவதற்கு முன் ஒரு மாலை ஒதுக்கி ஒரு வேலை செய்யுங்கள். கடைசிப் பத்து நிகழ்ச்சிகளை நினைவுபடுத்தி, ஒவ்வொன்றிலும் எது சரியாக அமையவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வாழ்த்துரை சொல்ல வந்த மாமா மைக்கை வயிற்றுக்கு நேராகப் பிடித்ததால் பேச்சு கேட்கவில்லை. பின்வரிசை மேசைக்காரர்கள் சத்தம் போதவில்லை என்றார்கள், முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது. லிஃப்ட் இல்லாத கடைவீட்டு மண்டபத்தில் ஸ்பீக்கரை இரண்டாம் மாடிக்குத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் நீண்டது, கூடுதல் பணம் கேட்க வாய் வரவில்லை. இப்படி வரும். எது மூன்று முறைக்கு மேல் வருகிறதோ அதன் கீழ்க் கோடு போடுங்கள். கோடு போட்ட மூன்று விஷயங்கள்தான் நீங்கள் கண்காட்சிக்குப் போவதற்கான காரணம். அதைத் தாண்டிக் கண்ணில் படுவதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் அது முடிந்த பிறகு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் தொழிலையே மாற்றிய ஒரு விடை இப்படித்தான் கிடைத்தது. பல ஆண்டுகளாக மேடையின் இடப்பக்கம் ஒரு சப்வூஃபர் (பேஸ் எனும் ஆழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்), வலப்பக்கம் ஒன்று என்று வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள், பார்க்கவும் அழகு. ஆனால் மண்டபத்துக்கு மண்டபம் ஒரே புகார்: நடு வரிசையில் தட்டு அதிர்கிறது, நான்கு மேசை தள்ளி உட்கார்ந்தவருக்குப் பேஸே இல்லை. இன்னும் பெரிய சப் வாங்க வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். குவாங்சோவில் ஒரு பூத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். அங்கிருந்த பொறியாளர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 5.7 மீட்டர் நீளம். ஒருவர் உட்காரும் இடத்துக்கு ஒரு சப் மற்றதைவிட அதில் பாதி, அதாவது 2.9 மீட்டர் அளவுக்குத் தூரமாக இருந்தால், இரண்டின் அலைகளும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். நடுக்கோட்டில் மட்டும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் அங்கே அதிரும். “இரண்டையும் ஒன்றாக, மேடைக்கு முன்னால் நடுவில் வைத்துப் பாருங்கள்” என்றார். ஒட்டி வைத்தால் எந்த மேசைக்கும் இரண்டும் ஒரே தூரம். தவிர, ஒரு சப்பை விட ஏறத்தாழ 6 டெசிபல் வரை கூடும். அடுத்த வாரமே கிள்ளானில் ஒரு விருந்தில் செய்து பார்த்தேன். புகார் நின்றது. வாங்க வைத்திருந்த பணம் அப்படியே மிஞ்சியது. அந்தப் பொறியாளர் எனக்கு எதையும் விற்கவில்லை. நான் கேள்வியோடு போயிருந்தேன், அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

இனி அரங்கத்துக்குள் நுழைவோம். ஒலி கேட்டுப் பார்க்கிற வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், கதவு திறந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள். மதியத்துக்கு மேல் எல்லா பூத்தும் போட்டி போட்டுச் சத்தம் வைக்கும், உங்கள் காதும் களைத்துவிடும். களைத்த காதுக்கு எல்லா ஸ்பீக்கரும் மந்தமாகத்தான் கேட்கும், கூர்மையாக ஒலிப்பதை நல்லது என்று நம்பி ஏமாறுவீர்கள். பாதுகாப்புக்கும் இது முக்கியம். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள் வேலையிடத்தில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது. கணக்குப் போட்டால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஆகவே காதடைப்பான் ஒரு ஜோடி சட்டைப் பையில் இருக்கட்டும். நம் தொழிலுக்குக் காதுதான் முதலீடு.

கேட்டுப் பார்க்க உங்கள் பாட்டுகளையே யூஎஸ்பியில் கொண்டு போங்கள். பூத்தில் அவர்கள் போடுவது அந்த ஸ்பீக்கருக்கு எது பொருந்துமோ அது. நான் ஐந்து வைத்திருக்கிறேன். ஒரு பெண் சாதாரணமாகப் பேசும் பதிவு, ஏனென்றால் விருந்தில் பாதி நேரம் பேச்சுதான். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒன்று, கூர்மையான ஒலியை வெளியே தள்ளும் ஹார்ன் மலிவாக உள்ள ஸ்பீக்கர் நாதஸ்வரத்தில் உடனே காட்டிக் கொடுத்துவிடும், காதைக் கிழிக்கும். புதிய குத்துப் பாட்டு ஒன்று. உறுமி மேளம் ஒன்று. கடைசியாக, எண்பதுகளின் பழைய பாட்டு ஒன்று, பதிவுத் தரம் சுமாராக இருப்பது. பதினோரு மணிக்குப் பெரியவர்கள் வந்து கேட்பது அதைத்தானே! முதலில் மெதுவாக வைத்துக் கேளுங்கள். அப்புறம் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நடந்து போய்க் கேளுங்கள். ஓரத்து மேசைக்காரருக்கு எப்படிக் கேட்கும் என்பது அங்கேதான் தெரியும்.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். பெட்டியில் 2000 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு நொடித் துணுக்குக்கான உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது எவ்வளவு என்று கேளுங்கள், பாதியோ அதற்கும் கீழோ இருக்கும். அதோடு, சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. ஆயிரம் வாட்டுக்கும் இரண்டாயிரத்துக்கும் விலையில் உள்ள வித்தியாசம் மண்டபத்தில் அவ்வளவாகத் தெரியாது என்பது இதனால்தான்.

இன்னொன்று, தூக்கிப் பாருங்கள். வெட்கப்படாமல் “அண்ணே, ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறேன்” என்று கேட்டுத் தூக்குங்கள். பிரசுரத்தில் 24 கிலோ என்று படிப்பதும், கைப்பிடி எங்கே இருக்கிறது, இடுப்பில் எங்கே இடிக்கிறது என்று உடம்பால் தெரிந்துகொள்வதும் வேறு வேறு. இரவு இரண்டு மணிக்கு அதை வேனில் ஏற்றப் போவது நீங்கள்தான்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. பழுதானால் என்ன ஆகும் என்பதுதான். ஆக்டிவ் ஸ்பீக்கரில், அதாவது ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரில், அந்த ஆம்ப் மாட்யூல் போய்விட்டால் உதிரி மலேசியாவில் கையிருப்பில் இருக்கிறதா, எத்தனை நாளில் கிடைக்கும், அதுவரைக்கும் மாற்று தருவீர்களா என்று கேளுங்கள். நான் ஒருமுறை கண்காட்சித் தள்ளுபடியில் நான்கு மூவிங் ஹெட் விளக்கு (தலை சுழன்று ஒளியைத் திருப்பும் மேடை விளக்கு) வாங்கினேன். எட்டாவது மாதம் ஒன்றின் போர்டு எரிந்தது. விற்றவர்களின் எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுக்கவில்லை, நேம் கார்டில் இருந்த முகவரியில் வேறு கடை. ஜாலான் பாசாரில் கடை கடையாக அலைந்தும் அந்த போர்டு கிடைக்கவில்லை. மூன்றை வைத்துக்கொண்டு மேடையில் சமச்சீராக எதையும் அமைக்க முடியாமல் கடைசியில் மூன்றையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டேன். அன்றிலிருந்து உதிரி பற்றித் தெளிவாகப் பதில் சொல்லாத பூத்தில் நான் விலையே கேட்பதில்லை.

வயர்லெஸ் மைக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நம் பிள்ளைகள் நிறைய ஏமாறுகிறார்கள். 2019 அக்டோபர் 31-இல் நம் நாட்டில் அனலாக் தொலைக்காட்சி முழுவதுமாக நிறுத்தப்பட்டது. அதனால் விடுபட்ட 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கைப்பேசிச் சேவைக்குப் போனது, 5ஜி இன்று அதைப் பயன்படுத்துகிறது. பழைய மைக்குகள் பல அந்த வரிசையில்தான் வேலை செய்கின்றன. அப்படிப்பட்ட பழைய இருப்பைக் கண்காட்சியில் ‘கிளியரன்ஸ்’ என்று பாதி விலைக்குக் கொடுப்பார்கள். வாங்கி வந்து வீட்டில் சோதித்தால் அருமையாக இருக்கும். ஐந்நூறு பேர் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் மணமகளின் தந்தை பேசும்போது அறுந்து அறுந்து வரும். அதனால் எந்த அலைவரிசை என்று எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நம் நாட்டின் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் சான்று பெற்ற மாடலா என்று கேளுங்கள். “எல்லாம் ஓகே” என்று மட்டும் பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் பின்னாளில் போகும்போது மின்சாரத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். சீனக் கருவிகள் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நமக்கு ஒத்துப்போகும், மூன்று முள் பிளக்கை ஃபியூஸோடு சரியாக மாற்றினால் போதும். அமெரிக்கக் கருவி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பின்பக்கம் ‘100 முதல் 240 வரை’ என்று அச்சிட்டிருந்தால் ஒழியத் தொடாதீர்கள். பேட்டரி வைத்த விளக்குகளை விமானத்தில் கொண்டுவர நினைத்தால் வாட்-மணி கணக்குப் போடுங்கள். 14.8 வோல்ட், 8.8 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கினால் 130. நூறைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். குவாங்சோவுக்குப் போவது இப்போது எளிது, 2023 டிசம்பரிலிருந்து மலேசியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் அங்கே பலர் நூறு பெட்டி கேட்பவர்களோடுதான் பேச விரும்புவார்கள். நாலைந்து டிஜேக்கள் சேர்ந்து போனால்தான் அங்கே பேச்சு எடுபடும்.

எல்இடி திரை, தீப்பொறி இயந்திரம், தரைப்புகை எல்லாம் கண்ணைப் பறிக்கும். திரையில் ‘பி3.9’ என்றால் புள்ளிக்குப் புள்ளி 3.9 மில்லிமீட்டர் இடைவெளி. மீட்டரில் ஏறத்தாழ அதே எண்ணளவு, அதாவது நான்கு மீட்டராவது தள்ளியிருந்து பார்த்தால்தான் படம் உறுத்தாமல் தெரியும். குளிர் தீப்பொறி என்று விற்பதில் உள்ளே எரிவது டைட்டானியம், சிர்க்கோனியம் போன்ற உலோகத் தூள். பெயர்தான் குளிர், இயந்திரத்தின் வாயருகே கை வைத்தால் சுடும். தரைப்புகைக்குப் பயன்படும் உலர்பனி கரியமில வாயுவின் திட வடிவம், மூடிய சின்ன அறையில் அது காற்றை இடம்பெயர்த்துவிடும். இவற்றை வாங்குவதற்கு முன் நீங்கள் வழக்கமாகப் போகும் மண்டபங்கள் அனுமதிக்குமா என்று கேட்டுவிடுங்கள். புக்கிட் மெர்தாஜாமில் மூன்று மண்டபங்களில் மறுப்பார்கள் என்றால் அந்தப் பணம் முடங்கும்.

கன்ட்ரோலர் (பாட்டுகளைக் கலக்கும் டிஜே மேசைக்கருவி), மென்பொருள் பக்கத்தை வேகமாகக் கடக்கலாம், அவற்றைப் பற்றி இணையத்திலேயே போதுமான வீடியோ இருக்கிறது. ஓடும் பாட்டிலிருந்து குரலையும் இசையையும் அந்த நொடியே பிரிக்கும் வசதியை மட்டும் நேரில் கையில் வைத்துப் பாருங்கள். செராட்டோ, வர்ச்சுவல் டிஜே என்ற இரண்டு டிஜே மென்பொருள்களிலும் இருக்கிறது. தமிழ்ப் பாட்டில் அது எவ்வளவு சுத்தமாகப் பிரிகிறது என்று உங்கள் யூஎஸ்பியை வைத்தே சோதியுங்கள். ‘பயனியர் டிஜே’ பூத்தைத் தேடிக் காணாமல் நிற்க வேண்டாம், அந்த நிறுவனம் 2020-இல் ஆல்ஃபாதீட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

வாங்குவதா, வேண்டாமா? அரங்கத்தில் வாங்காதீர்கள். விலையை எழுதித் தரச் சொல்லுங்கள், எத்தனை நாள் செல்லும் என்றும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் இரண்டு வாரம் தருகிறவர்கள் நிறைய பேர். அந்த இரண்டு வாரத்துக்குள் அதே மாடலை வாடகைக்கு எடுத்து ஒரு உண்மையான நிகழ்ச்சியில் ஓட்டிப் பாருங்கள். இருநூறு, முந்நூறு வெள்ளி வாடகை போனாலும் ஐயாயிரம் வெள்ளித் தவறு தவிரும். கேபிள், கனெக்டர், கேஃபர் டேப் போன்ற சில்லறைச் சாமான்களை மட்டும் கடைசி நாள் மாலையில் வாங்கலாம், திருப்பி மூட்டை கட்ட மனமில்லாமல் குறைத்துக் கொடுப்பார்கள்.

இவ்வளவு நேரம் கருவியைப் பற்றிப் பேசினேன். எனக்குக் கூடுதலாகப் பயன்பட்டது கருத்தரங்கு அறைதான். நம்மவர்கள் அங்கே போவதே இல்லை, ஏசிக்காக உட்காருபவர்களைத் தவிர. பேசுபவர் வெளிநாட்டவராக இருந்தால் அவர் சொல்லும் கல்யாணம் நம் கல்யாணம் இல்லைதான். ஆனால் உள்ளே உள்ள சரக்கை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர் பெரும்பாலும் டிஜேயாகவும் அறிவிப்பாளராகவும் ஒருவரே இருப்பார். அதனால் நிகழ்ச்சிக்கு வாரங்களுக்கு முன்பே மணமக்களை உட்கார வைத்து ஒரு படிவம் நிரப்பி வாங்கிவிடுவார்கள்: யார் யார் பெயர், எப்படி உச்சரிப்பது, எது எத்தனை மணிக்கு, எந்தப் பாட்டு வேண்டும், எது வேண்டவே வேண்டாம்.

அந்தப் படிவம் என் கைக்கு வருவதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஈப்போவில் ஒரு விருந்து. மணமகன் வீட்டார் பட்டியல் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நானே மைக்கைப் பிடித்து “மணமகளின் தந்தையை மேடைக்கு அழைக்கிறோம்” என்று சொல்லிவிட்டேன். மண்டபம் அமைதியானது. அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண் மேடையில் உட்கார்ந்து அழுததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்கடுத்த ஆண்டு ஒரு கருத்தரங்கில் இந்தப் படிவத்தைத் திரையில் பார்த்தபோது பேனாவை எடுத்து ஒரு வரி விடாமல் எழுதினேன். வீட்டுக்கு வந்து தமிழில் நமக்கேற்ற மாதிரி அமைத்தேன். மேடைக்கு அழைக்க வேண்டிய உறவுகளின் வரிசை, தாய்மாமன் பெயர், மறைந்தவர்கள் யார், அவர்களை நினைவுகூர வேண்டுமா கூடாதா, யாங் பெர்ஹோர்மாட் என்று மரியாதையாக அழைக்க வேண்டிய பிரமுகர் யாராவது வருகிறார்களா, போடக்கூடாத பாட்டு எது. இப்போது இது நிரப்பாமல் நான் எந்த விருந்தும் செய்வதில்லை. உங்களிடமும் இப்படி ஒன்று இல்லையென்றால், கண்காட்சி வரை காத்திருக்காமல் இன்றே எழுதுங்கள்.

பாட்டு உரிமை பற்றிய அமர்வு இருந்தால் தவறாமல் உட்காருங்கள். பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் தரப்பில் எம்ஏசிபி, ஒலிப்பதிவு நிறுவனங்கள் தரப்பில் பிபிஎம் என்று உரிமம் கொடுக்கும் அமைப்புகள் இங்கே இருக்கின்றன. பதிப்புரிமைச் சட்டம் 1987-இலிருந்தே இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சிகளுக்கு உரிமம் மண்டபத்திடம் இருக்கிறதா, ஏற்பாட்டாளர் எடுக்க வேண்டுமா என்று அங்கே வந்திருப்பவரிடமே கேட்டுத் தெளிவாகிவிடுங்கள்.

அப்புறம் மனிதர்கள். பினாங்கில் இருக்கும் இன்னொரு டிஜே உங்களுக்குப் போட்டி என்று நினைப்பீர்கள், நியாயம்தான். ஆனால் ஜொகூரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வருபவர் உங்களுக்கு எந்த வகையில் போட்டி? அவரிடம் மனம் விட்டுப் பேசலாம். எடுத்த எடுப்பில் “எவ்வளவு வாங்குறீங்க?” என்று கேட்காதீர்கள், யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். “நிகழ்ச்சி நேரம் தாண்டிப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள், அண்ணே?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் அவருடைய ஒப்பந்தம், முன்பணம், கூடுதல் மணிக்கு என்ன கட்டணம், அதை வீட்டாரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்கிறார் என்பதெல்லாம் தானாக வரும். நீங்களும் உங்கள் பக்கத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும், வாங்க மட்டும் போகக்கூடாது. எனக்குக் கூடுதல் மணிக் கட்டணத்தை முன்பணத் தாளிலேயே எழுதும் வழக்கம் தைப்பிங்கிலிருந்து வந்த ஒருவர் தேநீர் வரிசையில் நின்றபோது சொன்னது. பின்னாளில் எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு முகூர்த்த நாளில் வண்டி ஓட்டி வந்து என் விருந்தைச் செய்து கொடுத்ததும் அவர்தான். தை, ஆவணி முகூர்த்தங்களில் எல்லாரும் புக் ஆகியிருக்கும்போது இப்படி ஒரு தொடர்பு இல்லையென்றால் நாம் தனியாள்.

நேம் கார்டு வாங்கினால் உடனே அதன் பின்பக்கம் மூன்று சொல் எழுதுங்கள்: எங்கே பார்த்தோம், என்ன பேசினோம், நான் என்ன அனுப்புவதாகச் சொன்னேன். ஊருக்குத் திரும்பி மூன்று நாளுக்குள் வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சைக் குறிப்பிட்டு ஒரு வரி அனுப்புங்கள். ஒரு வாரம் தாண்டினால் நீங்கள் யார் என்பதே அவர்களுக்கு நினைவிருக்காது.

பயண ஏற்பாடு எளிது. பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்துவிடலாம், பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். கண்காட்சி கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் என்றால் எல்ஆர்டி போதும், உலக வணிக மையத்தில் என்றாலும் பிடபிள்யூடிசி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். டூத்தாமாஸ் பக்கம் உள்ள மைடெக் என்றால் வாசலில் ரயில் கிடையாது, கிராப் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல காலணி போடுங்கள், நாள் முழுக்கச் சிமெண்டுத் தரையில் நடை.

மனைவியை அழைத்து வரலாமா என்று கேட்டீர்கள். புக்கிங் பார்ப்பது அவர் என்றால் அவர்தான் முதலில் வர வேண்டும். வாடிக்கையாளர் தொலைபேசியில் என்ன தயங்குகிறார்கள், எந்த விலையில் பேச்சு முறிகிறது, எந்த மண்டபத்துக்காரர் தொல்லை கொடுக்கிறார் என்பதெல்லாம் உங்களைவிட அவருக்குத் தெரியும். என் மனைவி முதல் முறை வந்தபோது நான் சப்வூஃபர் முன்னால் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் விலை நிர்ணயம் பற்றிய அமர்வில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதியிருந்தார். ஒரே விலை சொல்வதை விட்டு மூன்று வகைப் பேக்கேஜ் வைக்கலாம் என்பது அவர் கொண்டுவந்த யோசனை. இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. ஆகவே இரண்டு டிக்கெட் எடுங்கள். அரங்கத்துக்குள் ஒன்றாகவே சுற்றாமல் ஆளுக்கொரு அறையில் உட்காருங்கள், மதியம் சாப்பாட்டில் சேர்ந்து குறிப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கோடு போட்ட அந்த மூன்று விஷயங்களையும் எடுத்து, எதற்கு விடை கிடைத்தது, எதை எந்தத் தேதிக்குள் செய்யப் போகிறீர்கள் என்று பட்டர்வொர்த் வந்து சேர்வதற்குள் இருவரும் எழுதி முடித்துவிடுங்கள். வீட்டுக் கதவைத் திறந்துவிட்டால் அடுத்த நாள் தொழிற்சாலை வேலை, அடுத்த வாரம் விருந்து, அந்த நோட்டைத் திறக்கவே நேரம் இருக்காது.